தடம் பொய் சொல்லாது

தாராவியில் ஷாகுல் ஹமீதின் டீக்கடைப் பெஞ்சை ஒரு டாக்சி இடித்து உடைத்துவிட்டது. விபத்து விசாரணைப் பயிற்சி முடித்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் நம்பிராஜனுக்கு அதுதான் முதல் கேஸ். ஜீப்பிலிருந்து குதித்ததும், ரோட்டில் பிரேக் போட்டுத் தேய்ந்திருந்த டயர் தடத்தை நாடா போட்டு அளந்தார்.

"அய்யா, நான் சொல்லுதத..." என்றான் டாக்சிக்காரன் செல்லப்பாண்டி.

"பேசாதே! மனுஷன் பொய் சொல்லுவான், தடம் சொல்லாது. எழுபத்தைந்து அடி! நாற்பது மைல் வேகம். லைசென்ஸை எடு!"

"லைசென்ஸு போனா என் பொழப்பே போச்சு அய்யா! இஞ்சின் ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. நாலு பேரு வண்டியத் தள்ளிக்கிட்டுல்லா வந்தோம்!"

"அப்போ இந்தத் தடம்?"

"இப்ப நீங்க ஓட்டிட்டு வந்த ஜீப்பு போட்டது அய்யா."

ஷாகுல் ஹமீது இருமிவிட்டுக் கேட்டார்:

"லைசென்ஸ் வச்சிருக்கீங்கள்லா சார்?"