செண்பகவல்லியின் முதல் மேற்கோள்

ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண், அவரவர் வீட்டு வாசலில் ஒளிரும் காலம் அது. கோவையில் செண்பகவல்லியின் வாசலில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சுழியம்தான். அரிய ஈரல் நோய் ஒன்றைப் பற்றி அவள் எழுதியதை யாரும் சீண்டவில்லை.

ஒரு காலையில் கணவர் நல்லசிவம் கத்தினார். "செண்பா, ஒண்ணு ஆயிருச்சு!"

மேற்கோள் காட்டியது தூத்துக்குடியில் ஒரு மருத்துவ இயந்திரம். மறுமாதம் அங்கிருந்து ஒரு தாய் ஆறு வயது மகளோடு தேடி வந்தாள்.

"உலகத்துல உள்ள கட்டுரையெல்லாம் அது படிச்சுதாம், டாக்டரம்மா. நீங்க எழுதினதுலதான் இவ நோயும் அதுக்கு மருந்தும் இருந்துச்சு. ஒரு வாய் சோறு இறங்காம கெடந்த பிள்ள."

செண்பகவல்லி சிறுமியின் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். மஞ்சளே இல்லை.

"எப்படி இருக்க, கண்ணு?"

"பசிக்குது" என்றாள் சிறுமி.

நல்லசிவம் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்ற ஓடினார்.