கீழ்வீட்டுத் துடைப்பக்கட்டை

புருஷன் அடில்சன் வேலை முடிந்து திரும்ப மூன்று மணி ஆகும். பனிச்சேற்றில் இரண்டு பஸ் மாறி, தான் தப்பித்து ஓடிய வீட்டுக்கே ஒன்றரை மணிக்கு வந்து நின்றாள் சுல்மிரா.

மாடிக்குப் போகவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். தபால் பெட்டியில் 'பெல்மிரா தவாரெஸ்' என்று ஒட்டியிருந்தது.

புருஷனுக்கு அடுத்தபடியாக அவளுக்குப் பிடிக்காத ஆள் இந்த பெல்மிராதான். மாடியில் அடில்சன் கை ஓங்கினால் போதும், கீழேயிருந்து துடைப்பத்தின் கட்டையால் கூரையை இடிக்கத் தொடங்கிவிடுவாள். அடிபட்டவள் அழக்கூடவா கூடாது என்று சுல்மிரா எத்தனையோ முறை குமுறியிருக்கிறாள். மனதுக்குள் வைத்த பெயரே 'துடைப்பக்கட்டை'.

ஆனால் வேறு போக்கிடம் இல்லை.

அமெரிக்கக் குடிமகனான புருஷன் அடித்தால், அவன் தயவே இல்லாமல், அவனுக்குத் தெரியாமலே, மனைவி இங்கே தங்குவதற்குத் தானே மனுப் போடலாமாம். வக்கீலம்மா சொன்னாள். சாட்சிக்கு எங்கே போவது? போலீசைக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவையும் படியில் வழுக்கியதாகச் சொல்லியாயிற்று. யாராவது கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், இங்கே பிறந்த மகளை அவனிடம் விட்டுவிட்டு சொந்த நாடான கேப் வெர்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கதவு திறந்தது. பெல்மிரா ஒருமுறை மாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அடுப்பில் சோளமும் பீன்ஸும் கொதித்துக்கொண்டிருந்தன. சுல்மிரா வந்த காரியத்தைச் சொன்னாள். இந்த வாரத்தில் நான்காவது முறை சொல்கிறாள். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

"என்மேல ஒங்களுக்கு ஆத்திரம் இருக்கும். ராத்திரியெல்லாம் தூக்கத்தக் கெடுத்திருக்கேன்."

"ஒன்னையா இடிச்சேன்னு நெனச்ச? அவனைடி. கீழ ஒரு ஆள் முழிச்சிருக்குன்னு தெரிஞ்சா அடுத்த அடி யோசிச்சுத்தான் விழும்."

சுல்மிரா அண்ணாந்து பார்த்தாள். சமையலறைக் கூரை முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. எண்ணத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டதும் அடில்சன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கதவை அறைந்துவிட்டு வெளியே போவான். அது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

"போலீசக் கூப்பிட்டிருக்கலாமேக்கா?"

பெல்மிரா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பை அணைத்தாள், மேசையைத் துடைத்தாள், உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம் ஆயிற்று. கேட்ட சத்தங்கள், படிக்கட்டில் பார்த்த வீங்கிய கன்னம், மார்கழிக் குளிரில் வெறுங்காலோடு அவள் வாசலில் நின்ற நாள் எல்லாம் இருந்தன.

கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"பேரு, பொறந்த தேதியெல்லாம் நெசமாத்தான் போடணுமா?"

"ஆமாக்கா. பொய்னு தெரிஞ்சா மனுவே போயிடுமாம்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. பெல்மிரா அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு மளமளவென்று எழுதி, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

கையெழுத்துக்குக் கீழே எர்மெலிண்டா லோபெஸ் என்று இருந்தது.

சுல்மிராவுக்கு முதலில் புரியவில்லை.

"தபால் பெட்டில இருக்கறது செத்துப்போன ஒண்ணுவிட்ட அக்கா பேரு. இந்த நாட்டுல இருக்கறதுக்குப் பேப்பர் அவளுக்குத்தான் இருந்துச்சு. எனக்குக் கெடையாது. பதினேழு வருஷமா அவ பேர்லதான் வேலைக்குப் போறேன்."

சுல்மிராவின் கை தாளிடமிருந்து பின்வாங்கியது. "இதக் குடுத்தா ஒங்கள நாட்ட விட்டே அனுப்பிடுவாங்களேக்கா…"

"எத்தன நாளைக்குத்தான் தொடப்பக்கட்டையாலயே பேசறது?" அவள் தாளை நான்காக மடித்து சுல்மிராவின் கோட்டுப் பைக்குள் தானே வைத்தாள். "கெளம்பு. மூணாகப் போகுது."