காதுக்கு எட்டிய தரம்

உயர்தர இசையைப் பற்றிப் பேசிப் பேசியே நண்பர்களை விரட்டியடித்தவன் நான். இணையத்தில் பாட்டு அனுப்பும் நிறுவனம், அவரவர் காதுக்கு எட்டும் ஒலியை மட்டும் அனுப்பும் மலிவுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும், ஆவடியிலேயே முதல் ஆளாகச் சேர்ந்தேன்.

அவர்கள் கொடுத்த ஒலிபெருக்கி ஐந்து நிமிடம் கீச்சிட்டு என்னைச் சோதித்தது. பிறகு பணிவாகச் சொன்னது: "ஐயா, உங்களுக்குச் சாதாரணத் தரமே போதும்."

"மெஷின்ல கோளாறு" என்று சொல்லி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கோதையை உட்கார வைத்தேன். பாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறவள் அவள்.

"அம்மா, உங்களுக்கு முழுத்தரம்" என்றது அது.

வீணை தொடங்கியது. கோதை கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கம்பியில விரல் உரசுறதுகூடக் கேக்குது! வாசிக்கிறவங்க மூச்சு வாங்குறாங்க பாருங்க."

எனக்கு வீணை மட்டும்தான் கேட்டது. இருந்தாலும் ரசிகனைப் போலத் தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தாள். வழக்கம்போல, "சரி" என்றேன்.

"என்ன சரி? காது கேக்கலையான்னு கேட்டேன்."

நான் அசடு வழிந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போன வருஷம் ஸ்கூல் வேலைய விட்டுடவான்னு கேட்டேன். சட்டுனு சரின்னீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

அப்படியொரு கேள்வி என் காதில் விழவே இல்லை. அவளே சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

வீணையை நிறுத்திவிட்டு, நாற்காலியை அவள் அருகே இழுத்துப்போட்டேன்.

"அதை இப்பத் திரும்பக் கேளு கோதை. கொஞ்சம் சத்தமா."