இருபத்தாறாவது வகுத்தல்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: எழுத்தர் ஏகாம்பரம், சாவிக்கொத்தோடு வார்டர் மாசாணம், அன்று வந்து சேர்ந்த கைதி தொம்மை. தொம்மைக்குக் கிடைத்த எண் 10403. அந்தச் சிறையில் பகா எண்காரனுக்குத் தனிக்கொட்டடி. பகு எண்காரன் மட்டும் தன் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்காரனோடு, அவன் பகா எண்காரனாகவே இருந்தாலும், தங்கலாம். ஏகாம்பரம் இரண்டில் தொடங்கித் தொண்ணூற்றேழு வரை இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டார். எதிலும் மீதி தீரவில்லை.

"பகா எண். தனி," என்றார்.

"சார், நூற்றொன்றால வகுங்க. அது எங்க அண்ணன் சூசையோட நம்பர். அவன் மூஞ்சியப் பாத்துப் பதினோரு வருசமாச்சு."

"படிவத்துல இருபத்தஞ்சு வரிதான்யா இருக்கு. உங்க அண்ணன் தம்பிக்கெல்லாம் வகுத்துக்கிட்டிருந்தா நான் எப்பச் சோறு திங்கிறது?"

தொம்மைக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மேசைத் தூசியில் விரலால் தானே வகுத்துக் காட்டினான். ஈவு நூற்று மூன்று, மீதி பூஜ்யம். ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கணக்கு சரிதான் தம்பி. எழுத வரி இல்லையே."

மாசாணம் தொம்மையைத் தனிக்கொட்டடிக்குள் விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.