யாரும் ஏறாத சேணம்

மூன்றாவது கடை இது.

மேசைமேல் சேணத்தை இறக்கி வைத்ததும் கடைக்காரி இருக்கையைப் பார்க்கவில்லை, கைப்பிடியாக நிற்கும் முன்புறக் கொம்பைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோலில் செதுக்கியிருந்த காட்டு ரோஜாவின்மேல் விரலை ஓட்டினாள். ஐந்து இதழ். ஓர் இதழின் நுனி மட்டும் உள்பக்கம் மடிந்திருந்தது.

ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"இவங்க அப்பா கைவேலையாம், பெரியம்மா" என்றாள் சுகிர்தா. கொழுந்தன் மகள். இந்த நாட்டிலேயே வளர்ந்தவள்.

பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு நாளாக அமெரிக்காவின் வயோமிங் மாநில மலையடிவார ஊர்களில் அலைகிறார்கள். முதல் இரண்டு கடைகளிலும் பூவைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். எங்கள் பூ இல்லை. இந்தப் பக்கம் கையால் சேணம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜா உண்டாம், கையெழுத்து மாதிரி.

அவள் கணவர் இறந்து இருபது நாள் ஆகிறது. மாட்டு டாக்டர். நாற்பத்தேழு வருடம் இங்கே தனியாக இருந்தார்.

அவள் பாளையங்கோட்டையில் இருந்தாள்.

வீட்டைக் காலி செய்ய வந்தபோது, பின்னறையில், போர்வை போர்த்திய மரத்தாங்கியின்மேல் இது இருந்தது.

கணவர் ஆறடி. இந்தச் சின்ன இருக்கையில் அவர் உட்காரவே முடியாது.

பெண்ணுக்குச் செய்தது.

அவருடைய சட்டை, புத்தகம் எதையும் அவள் தொடவில்லை. இதை மட்டும் காரில் ஏற்றச் சொன்னாள்.

"விடுங்க பெரியம்மா. யாருக்குன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"தெரியணும்ட்டி."

கடைக்காரியின் பெயர் லொரெட்டா. அறுபது தாண்டியிருக்கும். கால் நுழைக்கிற அங்கவடியின் வாரைத் தூக்கி, அதனடியில் தோலில் குத்தியிருந்த எண்ணைப் படித்தாள். உள்ளே போனாள். ஒரு தகர இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பழுப்பேறிய அட்டையோடு வந்தாள். பென்சில் எழுத்து. கணவரின் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தாலும் குலசேகரன்தான்.

சுகிர்தா முதலில் மனதுக்குள் படித்தாள்.

"மனைவிக்குன்னு போட்டிருக்கு."

மனைவி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"எந்த வருசம்?"

"எண்பத்தொண்ணு. பிப்ரவரி."

அவள் அட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பிப்ரவரியில்தான் அவளுக்கு விசா வந்தது. பெட்டிகூடக் கட்டியாயிற்று. மார்ச் முதல் வாரம் அவள் அப்பா குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் செயலிழந்து போனது. இன்னும் இரண்டு மாதம் என்று கணவருக்கு எழுதினாள்.

அப்பா பதினோரு வருடம் கிடந்தார்.

அதற்குப் பிறகு கணவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. விடுமுறைக்கு வருவார். பனியைப் பற்றிச் சொல்வார், கன்று ஈனும் மாடுகளைப் பற்றிச் சொல்வார். சேணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லொரெட்டா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். சுகிர்தா துண்டு துண்டாகச் சொன்னாள்.

அவரிடம் மனைவியின் அளவு ஏதும் இல்லையாம். உள்ளங்கையைத் தன் தோளுக்குக் கீழே பிடித்து, இவ்வளவு உயரம் என்றாராம். கடையில் நின்ற பதினேழு வயது லொரெட்டா சரியாக அந்தக் கைக்கடியில் வந்தாளாம். அவளையே உட்காரவைத்து அளவெடுத்தார்களாம். குதிரை ஏறியே பழக்கமில்லாதவள், கொம்பு கைக்கு வாகாக இருக்கட்டும் என்றாராம்.

பிறகு, லொரெட்டாவின் அப்பா இருந்த வரைக்கும், பனி விட்டதும் ஒவ்வொரு வருடமும் எடுத்து வருவாராம். தோலுக்கு எண்ணெய் போட. யாரும் ஏறாத சேணத்துக்கு எதற்கு என்று அப்பா ஒருமுறை கேட்டே விட்டாராம்.

"அதுக்கு என்ன சொன்னாராம்?"

சுகிர்தா அதை லொரெட்டாவிடம் கேட்டாள்.

"அடுத்த வருசமும் கொண்டுவந்தாராம்."

அவள் இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். தோல் இன்னும் மெத்தென்று இருந்தது. அதற்கப்புறம் அவரே எண்ணெய் போட்டிருக்க வேண்டும்.

சேணத்தைக் கடையிலிருந்த மரத்தாங்கியின்மேல் ஏற்றச் சொன்னாள்.

"பெரியம்மா, விழுந்துரப் போறீங்க."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். எழுபத்துநான்கு வயது. முக்காலியில் ஒரு கால் வைத்து, லொரெட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தோல் முனகியது.

இருக்கை பொருந்தியது. கொம்பும் கைக்குள் அடங்கியது.

கால்தான் எட்டவில்லை. அங்கவடி ஒரு விரற்கடை கீழே தொங்கியது. மடங்கிப்போன முட்டி அதற்கு மேல் நீளவில்லை. முப்பது வயதுக் காலுக்குச் செய்தது.

லொரெட்டா குனிந்து வாரைப் பிடித்தாள். ஒரு துளை ஏற்றிக் கட்டட்டுமா என்று சைகையில் கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லு."

கொம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கால் விரல்களைக் கீழே நீட்டினாள்.

இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.