எந்த ஊர் ஃப்ரேம்

பிரவீன்குமார் சைக்கிள் ஃப்ரேமை ஸ்டாண்டில் மாட்டியதும் டயானா முதலில் பார்த்தது அதன் பெயிண்டைத்தான். படகுக்கு அடிக்கிற நீலம்.

சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, சீட் இல்லை. வெறும் இரும்புக் கூடு. முன்னால் கம்பெனி பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும்.

வங்கி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து அவனுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. பழைய சைக்கிள் என்றால் பைத்தியம். ஃப்ரேமைப் படமெடுத்து இணையத்தில் ஒரு குழுவில் போட்டானாம். ஒருவர் இங்கிலாந்து என்றார், ஒருவர் ஜப்பான் என்றார், இன்னொருவர் நம்ம பஞ்சாப் லூதியானாதான் என்று சொல்லிச் சிரித்தார். ஜங்லிகாட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிற டயானா அக்காவிடம் காட்டு என்று வங்கியில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எந்த ஊர் ஃப்ரேம்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க அக்கா."

டயானா அதைத் தலைகீழாகத் திருப்பினாள். பெடல் அச்சு போகிற குழலுக்கு அடியில்தான் நம்பர் அடித்திருப்பார்கள். அங்கே அரத்தால் ராவியிருந்தது. நிதானமாக, மழமழவென்று.

வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள் என்றாள்.

குழாய்கள் சேரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். பின்சக்கரம் மாட்டுகிற கவையில், இடது பக்கம், பெருவிரல் ஒரு மேட்டில் இடித்து நின்றது.

பிளேடால் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் பித்தளை. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி.

கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்குப் பதினேழு வயதில், அவள் ஓட்டிய சைக்கிளில் இதே இடத்தில் விரிசல் விட்டது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அன்பழகன் மாமாதான் பித்தளை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கோச் கொல்கத்தாவிலிருந்து பழையதாக வாங்கிவந்து கொடுத்த ரேஸ் சைக்கிள். அதில்தான் தீவிலேயே முதலாவதாக வந்தாள். ஜனவரிக் கப்பலில் மெயின்லேண்டுக்கு, தேசிய ஜூனியர் முகாமுக்குப் போக அவள் பெயர் வந்திருந்தது.

டிசம்பரில் சைக்கிள் சர்வீஸுக்குப் போனது. படகுகள் அணையும் ஜெட்டி அருகில் ஒரு கடை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்தது. கடையும் போயிற்று, சைக்கிளும் போயிற்று.

பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மாதா கோவிலில் வந்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அவர்கள் நடுவில் இருந்துகொண்டு ஒரு சைக்கிளுக்காக அழுததை, டயானா பாவசங்கீர்த்தனத்தில் பாவமாகச் சொன்னாள். கோச் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். வேறு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்யலாம் என்றார். அவளே வாசலுக்கு வந்து, வேண்டாம் சார் என்றாள்.

இப்போது போன் டார்ச்சை சீட் குழாய்க்குள் அடித்துப் பார்த்தாள்.

அவள் தொழில் பழகியதே கடலில் முங்கிய சைக்கிள்களில்தான். தட்டினால் உள்ளிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டும். இதற்குள் பழைய கிரீஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உப்புத் தண்ணீரையே பார்க்காத இரும்பு.

யாரிடம் வாங்கியது என்று கேட்டாள். மரைன் ஹில்லில் ஜெகநாதன் என்று ஒரு சார், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டைக் காலிசெய்துகொண்டு ஊருக்குப் போகிறார் என்றான் பிரவீன்குமார். மகளுக்கென்று வாங்கினாராம். மகள் ஏறவேயில்லையாம். இத்தனை வருஷமும் ஸ்டோர் ரூமில் ஆணியில் தொங்கியிருக்கிறது.

எப்போது வாங்கினாராம் என்று கேட்டாள்.

"சுனாமிக்கு ரெண்டு நாள் முன்னாடின்னாருங்க. ஜங்லிகாட் பையன் ஒருத்தன் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தானாம்."

டயானா டார்ச்சை அணைத்தாள். அணைத்த பிறகும் குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, எந்த ஊர் என்று தெரிகிறதா என்று அவன் திரும்பக் கேட்டது காதில் விழுந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் மார்ட்டின். தினமும் பதினோரு மணிக்கு அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வருவான். ஒரு நாள் தவறியதில்லை.

பிரவீன்குமாரைப் பார்த்ததும், "க்யா பாய், மெயின்லேண்டா?" என்றான்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக யார் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் அந்த நாளின் கதை வந்துவிடும். இருபது வருஷமாகச் சொல்கிறான். டயானா ஒவ்வொரு முறையும் கண் கலங்கித்தான் கேட்டிருக்கிறாள். அம்மா சாகிறவரைக்கும் ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறுக்கும் அவன் பிழைத்ததற்காக நன்றிப் பூசை வைத்தாள்.

டீயைக் கொடுத்துவிட்டு மார்ட்டின் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றான். தங்கச்சி ரேஸ் சைக்கிளை நான்தான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன் என்று ஆரம்பித்தான். தண்ணி வருது என்றதும் எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள், நான் மட்டும் அதை எடுக்க ஜெட்டிப் பக்கம் ஓடினேன் என்றான். முதலில் இடுப்புக்கு வந்தது, பிறகு கழுத்துக்கு வந்தது என்றான்.

"ஒரு கைல போஸ்ட்டு. ஒரு கைல இவ சைக்கிளு. ஏதாவது ஒண்ண விட்டாத்தான் உசுரு."

கம்பத்தைப் பிடித்த கையை உயரத் தூக்கிக் காட்டினான். சைக்கிளைப் பிடித்த கை, அவன் அறியாமலே, ஸ்டாண்டில் இருந்த நீல ஃப்ரேமின் மேல்குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிரவீன்குமார் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

டயானா டீயைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அதுலேர்ந்து கைய எடு."

மார்ட்டின் கையை எடுத்தான். பெயிண்ட் ஒட்டிவிட்டதோ என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.