தண்ணி நின்னுடுச்சு

புகார் மேசையில் இருப்பவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தச்சர் துளைபோடும் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. அவள் மேசைக்கும் எதிர்மேசைக்கும் நடுவே பலகைத் தடுப்பு ஏறிக்கொண்டே போகிறது. நாளை முதல் இந்தப் பக்கம் மின்சாரப் புகார், அந்தப் பக்கம் குடிநீர்ப் புகார், போன் நம்பரும் வேறு வேறு. ஆற்றங்கரையின் ஒற்றை எஞ்சின்தான் ஒரு காலத்தில் இந்த ஊரின் விளக்கையும் எரித்தது, குழாய்க்கும் நீரேற்றியது. அது நின்றால் இரண்டும் போகும். அன்றிலிருந்து கரண்டே போனாலும் ஊருக்கு 'தண்ணி நின்னுடுச்சு' என்ற ஒரே பேச்சுதான். போன் அலறுகிறது. "அக்கா, தண்ணி நின்னுடுச்சு! அப்பாவோட மூச்சு மெஷின் ஓடல!" "லைன்மேனை இப்பவே அனுப்புறேன், பதறாதம்மா." அனுப்பிவிட்டு நிமிர்கிறாள். தடுப்புக்கு மேல் எதிர்மேசைக்காரரின் வழுக்கை மட்டும் மிச்சம். "அண்ணே, நாளைக்கு இந்தப் பொண்ணு உங்களைக் கூப்பிட்டா?" "லாரியில தண்ணி அனுப்பிவைப்பேன், வேறென்ன?" "எல்லாம் பழகிடும்மா," என்கிறார் இதே ஊரில் பிறந்து வளர்ந்த மேலாளர். சட்டென்று துளைக்கருவி ஓய்கிறது. ஃபேன் சோம்பலாய் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. கழுத்து வியர்வையைத் துடைத்தபடி மேலாளர்தான் முதலில் கத்துகிறார்: "யாருப்பா அங்க? தண்ணி நின்னுடுச்சு, என்னன்னு பாருங்க!"